மைக் செட்டுக்கு எவ்வளவு ஆகும்?

“அண்ணாச்சி, ஒரு கருத்தரங்கு வச்சிருக்கோம். மைக் செட்டுக்கு எவ்வளவு ஆவும்?”

“எங்க வச்சிருக்கிய? எத்தன பேரு? எத்தன மணிக்கூர்?”

“நாகர்கோவில்லதான். ஆளு கொஞ்சம் வருவாவ. நீங்க ஒரு ரேட்டு சொல்லுங்க.”

கூட்டம் நடத்தியவர்களுக்கு இந்தப் பேச்சு பழகியது. அண்ணாச்சி ஒரு தொகை சொல்வார், நீங்கள் அதில் ஆயிரம் குறைப்பீர்கள். நிகழ்ச்சி முடிந்த இரவு பில் வரும். டீசல், ஏற்றுகூலி, கூடுதல் மைக், கூடுதல் நேரம், வரி என்று நீங்கள் எதிர்பாராத ஐந்தாறு வரிகள் அதில் இருக்கும்.

ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. அவர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் நீங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதெல்லாம் இன்று பில்லில் வந்திருக்கிறது.

வாடகை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் இங்கே விலைப்பட்டியல் தரப்போவதில்லை. எது செலவைக் கூட்டுகிறது, அதில் எதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். வசதிக்காக ஒரு நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் ஒரு மண்டபம். ஒருநாள் இலக்கியக் கருத்தரங்கு. 300 பேர். காலை 10 முதல் மாலை 5 வரை. தொடக்கத்தில் வில்லுப்பாட்டு. ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து முதல் வரிசை 6 அடி, கடைசி வரிசை 48 அடி. செயலாளர் நீங்கள்தான்.

பில்லில் என்னென்ன அடங்கும்?

ஐந்து தலைப்புகள்: கருவி வாடகை, ஆட்கூலி, வண்டிச் செலவு, மின்சாரம், வரி. நாம் பேரம் பேசுவது முதல் தலைப்பில் மட்டும். பில் வீங்குவது மற்ற நான்கில். விலை கேட்கும்போதே ஐந்துக்கும் தனித்தனியாகத் தொகை எழுதித் தரச் சொல்லுங்கள். “எல்லாம் சேர்த்து” என்று ஒரே தொகை சொன்னால், அந்த “எல்லாம்” என்பதில் எது இல்லை என்று கேளுங்கள்.

தேதியால் விலை மாறுமா?

மாறும். குமரி மாவட்டத்தில் சவுண்ட்காரர்களுக்கு ஓய்வில்லாத நாட்கள் உண்டு. நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. அதன் பின் கிறிஸ்துமஸும் சுசீந்திரம் மார்கழித் திருவிழாவும் வரும். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. இவற்றுக்கு இடையே ஊர்க்கோயில் கொடைகள், முகூர்த்த நாட்கள். அந்த நேரத்தில் நல்ல கருவிகளும் அனுபவமுள்ள ஆட்களும் வேறெங்கோ இருப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது மிச்சம், விலையும் கூடுதல்.

கருத்தரங்குக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லையே. ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் காலியாக இருக்கும். வார நாளாகவும் அமைந்துவிட்டால் பேரம் பேச இடம் கிடைக்கும். தேதியை மாற்றுவதுதான் காசில்லாமல் செய்யக்கூடிய முதல் சிக்கனம்.

உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா?

திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். திருநெல்வேலி சுமார் 80. மதுரை 240-ஐத் தொடும். சென்னை ஏறக்குறைய 700. வெளியூர்க்காரரின் கருவி வாடகை குறைவாகத் தெரிந்தாலும் வண்டி, ஆட்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, பேட்டா (வெளியூர்ப் படி) எல்லாம் அதன் மேல் ஏறும். சென்னையிலிருந்து வரும் லாரிக்கு வரும் நாள், போகும் நாள் என இரண்டு நாட்கள் கூடுதலாகச் சேரும். உள்ளூரில் இல்லாத கருவியை மட்டும் வெளியிலிருந்து வரவழைப்பது நல்லது. அதையும் உள்ளூர்க்காரர் வழியாகவே வாங்கினால், பழுதானால் கேட்க ஒரே ஆள் போதும்.

மண்டபத்திலேயே மைக் இருக்கிறதே, அது போதாதா?

போதலாம். ஆனால் கேட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம். முந்தைய வாரம் ஒருநாள் போய், ஒருவரை மேடையில் பேசச் சொல்லிவிட்டு நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். காலி மண்டபத்தில் எதிரொலி அதிகமாகத் தெரியும், ஆள் நிறைந்தால் சற்றுக் குறையும். அதை மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மண்டப மேலாளரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வெளி சவுண்ட்காரரை அழைத்து வரலாமா, அல்லது அவர்கள் சொல்பவரைத்தான் வைக்க வேண்டுமா? வெளியாளை வைத்தால் தனிக் கட்டணம் உண்டா? மின்சாரம் வாடகையில் சேர்ந்ததா, மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்களா? பல மண்டபங்களில் யூனிட் கணக்கு தனி. அப்படியானால் உள்ளே போகும்போது மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது இன்னொரு படம். தகராறு இருக்காது.

எத்தனை வாட்ஸ் வேண்டும்?

இது தவறான கேள்வி. “பத்தாயிரம் வாட்ஸ்” என்றதும் ஐயாயிரத்தைப்போல இரண்டு மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். காது அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) மட்டுமே கூடும். கவனித்துக் கேட்டால்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். சுவர்களுக்குள் இறக்கம் சற்றுக் குறைவு. உங்கள் மண்டபத்தில் 6 அடி, 12, 24, 48 என்று மூன்று முறை இரட்டிப்பாகிறது. கடைசி வரிசைக்குக் கேட்க ஒலியைக் கூட்டினால் முதல் வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார்.

வழி எளியது. 24 அடியில் இன்னொரு ஜோடிப் பெட்டி வையுங்கள். இப்போது கடைசி வரிசைக்கும் பெட்டிக்கும் உள்ள தூரம் பாதி. இதே பலனை முன்னால் இருக்கும் ஜோடியை வைத்தே பெற வேண்டுமானால் நான்கு மடங்கு வாட்ஸ் தேவைப்படும். ஆகவே “பெரிய செட்” கேட்காதீர்கள். “நான்கு சிறிய பெட்டி, இரண்டு முன்னால், இரண்டு நடுவில்” என்று கேளுங்கள்.

மைதானம் என்றால் இன்னொரு சங்கதி உண்டு. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். முன்பெட்டியின் குரல் 34 மீட்டர் தள்ளியிருக்கும் பெட்டியை அடையப் பத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அங்கே உட்கார்ந்தவருக்கு ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். பின்பெட்டிக்கு டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பும் அமைப்பு) வைக்கத் தெரிந்தவரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பேச்சு காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை. ஏன்?

டைல்ஸ் தரை, வெறும் சுவர், தகரக் கூரை. ஒலி மூன்றிலும் மோதித் திரும்பி வந்து சொற்களை மூடிவிடும். நாம் உடனே “சத்தம் கூட்டுப்பா” என்போம். கூட்டினால் எதிரொலியும் கூடும். ஒலியைக் குறைத்து, பெட்டிகளைச் சுவரைப் பார்க்காமல் ஆட்களைப் பார்க்கும்படி சற்றுக் கீழே சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். பேசுபவர் மைக்கை வாயருகே பிடிக்கட்டும். இதற்கெல்லாம் பில்லில் வரி கிடையாது.

எத்தனை மைக்?

மைக்குக்குத் தனி வாடகை போடுபவர்கள் உண்டு. அதனால் நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். பேச்சு மேடைக்கு 1, மேடை மேசைக்கு 2, கேள்வி கேட்பவர்களுக்குக் கம்பியில்லா மைக் 2. ஆக 5.

வில்லுப்பாட்டுக்கு? வில்லடித்துப் பாடுபவருக்கு 1, உடுக்கைக்கு 1, குடத்துக்கு 1, பின்பாட்டுக்காரர்களுக்கு 2. இதுவும் 5. மொத்தம் 10 என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கப்போவதில்லை. வில்லுப்பாட்டு முடிந்து பத்து நிமிடம் தேநீர் இடைவேளை விட்டால், அதே மைக்குகளில் மூன்றைப் பேச்சு மேடைக்கும் மேசைக்கும் மாற்றிவிடலாம். 7 மைக் போதும். நிரலில் ஓர் இடைவேளையை நகர்த்தி மூன்று மைக் வாடகையை மிச்சப்படுத்துகிறோம்.

இன்னொன்று: வில்லுப்பாட்டுக் குழு தரையில் உட்கார்ந்து பாடும். குட்டை ஸ்டாண்ட் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். பாடுபவருக்குத் தம் குரலும் குடத்தின் தாளமும் கேட்க மேடையில் ஒரு மானிட்டர் (மேடையைப் பார்த்து வைக்கும் பெட்டி) வேண்டும். செண்டை மேளம் அழைத்திருந்தால் கவலை இல்லை. அதற்கு மைக் எதற்கு?

எல்.இ.டி. வால் தேவையா?

முதலில் ஒரு சோதனை. எல்.இ.டி. வாலில் (சிறு பலகைகளைச் சுவர்போல் அடுக்கிய மின்திரை) என்ன ஓடப்போகிறது? நாள் முழுவதும் “வருக வருக” என்ற ஒரே படம்தான் என்றால், அந்த வேலையை ஒரு துணிப் பதாகை செய்துவிடும். காணொளி, பெரிய படங்கள், மேடையில் பேசுபவரின் முகம் ஆகியவற்றைப் பின்வரிசைக்குக் காட்ட வேண்டும் என்றால் வால் பொருத்தம்.

எவ்வளவு பெரிது? கடைசி வரிசையின் தூரத்தை ஆறால் வகுத்தால் வருவது திரையின் உயரம். 48 அடிக்கு 8 அடி உயரம். எழுத்துகளைப் படிக்க வேண்டிய கூட்டங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

வாடகையைச் சதுர அடிக்குப் பேசினாலும் வால் பலகைகளாகவே வரும். பரவலாக இருக்கும் ஒரு பலகை 500 மில்லிமீட்டர் அகலம், 500 மில்லிமீட்டர் உயரம். 8 அடி உயரத்துக்கு 5 பலகை, அதற்கேற்ற அகலத்துக்கு 9 பலகை, ஆக 45. இது 121 சதுர அடி. சதுர அடிக்கு 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 12,100 ரூபாய். உண்மையான விலையைக் கேட்டு நூறின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உயரத்தில் ஒரு வரிசை கூட்டினால் ஒன்பது பலகை கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பி 3.91 என்கிறார்களே, அது என்ன?

ஒரு ஒளிப்புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில். எண் குறையக் குறையப் படம் நுணுக்கமாகும், வாடகையும் ஏறும். பார்ப்பவர் அந்த எண் அளவு மீட்டராவது தள்ளி இருந்தால் புள்ளிகள் கண்ணில் படா. 3.91 என்றால் ஏறக்குறைய 4 மீட்டர், அதாவது 13 அடி. உங்கள் முதல் வரிசைக்கும் திரைக்கும் இடையே மேடையின் ஆழமும் சேர்ந்து அந்த அளவு இருக்கும். அதைவிட நுணுக்கமான பலகைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று. பி 3.91 பலகையில் அகலத்துக்கு 128 புள்ளி, உயரத்துக்கு 128 புள்ளி. 45 பலகை சேர்ந்தாலும் 1152-க்கு 640தான். உங்கள் கைபேசித் திரையில் இதைவிட அதிகப் புள்ளிகள் இருக்கக்கூடும். பொடி எழுத்தில் அட்டவணை போட்டால் சுவரளவு திரையிலும் தெரியாது. ஒரு படத்தில் ஆறேழு வரி, பெரிய எழுத்து, அவ்வளவுதான்.

ப்ரொஜெக்டர் வைத்தால் மிச்சமாகுமா?

உள்ளரங்கில், திரைச்சீலை போட்டு இருட்டாக்க முடியும் என்றால் மிச்சமாகும். ப்ரொஜெக்டரின் வெளிச்சத்தை லூமென் என்ற அலகில் சொல்வார்கள். வகுப்பறைக்குப் போதும் 3,000 லூமென் 300 பேர் மண்டபத்தில் மங்கிவிடும். 5,000 அல்லது அதற்கு மேல் கேளுங்கள். மேடை விளக்கு திரைமேல் விழாமல் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வழியே வெயில் நேராக வரும் மண்டபம் என்றால் ப்ரொஜெக்டரை மறந்துவிடலாம்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருமே?

வரும். பழைய தமிழ் எழுத்துருவில் செய்த படங்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகிவிடும். பேச்சாளர் மேடையில் நிற்க, நாலு பேர் மடிக்கணினியைச் சுற்றி நிற்கும் காட்சியை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கால்மணி நேரம் பின்னால் கூடுதல் நேரக் கட்டணமாகத் திரும்பி வரலாம். எல்லாப் பேச்சாளர்களிடமும் பி.டி.எஃப். வடிவில் இரண்டு நாள் முன்பே வாங்கி, ஒரே கணினியில் வரிசையாகப் போட்டுவிடுங்கள்.

நேரலை வேண்டுமா?

வெளியூரிலிருந்து எத்தனை பேர் உண்மையில் பார்ப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேர் என்றால், பதிவு செய்து மறுநாள் ஏற்றினாலே போதும். நேரலைக்குக் கேமராவும் ஆளும் மட்டும் போதாது. தெளிவான படம் போக, மேலேற்றும் வேகம் ஏறக்குறைய 6 எம்.பி.பி.எஸ். அறுபடாமல் வேண்டும். மண்டபத்தின் வைஃபை 300 பேர் நுழைந்ததும் திணறும். தனி இணைப்பு ஒன்றும், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

ஒலியைக் கேமரா மைக்கில் எடுக்க வேண்டாம். மிக்சரிலிருந்து (எல்லா மைக்கையும் சேர்த்து ஒழுங்கு செய்யும் பலகை) ஒரு கம்பி கேமராவுக்குப் போகட்டும். வீடியோக்காரரும் சவுண்ட்காரரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், அந்தக் கம்பியை யார் கொண்டு வருவது என்று நீங்கள்தான் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இருவரும் கொண்டு வரமாட்டார்கள்.

ஜெனரேட்டர் கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது?

எல்லாக் கருவிகளின் வாட்ஸையும் எழுதி வாங்கிக் கூட்டுங்கள். ஜெனரேட்டரை கே.வி.ஏ. என்ற அலகில் சொல்வார்கள். அதை 0.8-ஆல் பெருக்கினால் கிலோவாட். 25 கே.வி.ஏ. என்றால் 20 கிலோவாட். உங்கள் தேவை 10 கிலோவாட் என்றால் அது தாராளம். அந்த அளவு ஓட்டத்தில் ஏறக்குறைய மணிக்கு 3 முதல் 3.5 லிட்டர் டீசல் ஆகும்.

இப்போது முக்கியமான கேள்வி. ஜெனரேட்டர் நாள் முழுவதும் ஓடுமா, கரண்ட் போனால் மட்டும் ஓடுமா? ஏழு மணி நேரம் ஓடினால் 21 லிட்டருக்கு மேல் போகும். கரண்ட் போனால் மட்டும் என்றால் வாடகையும் சில லிட்டரும்தான். டீசல் யார் ஊற்றுவது, மிச்சம் யாருக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் கிளம்பச் சில நொடிகள் ஆகும். அதற்குள் மிக்சரும் கணினியும் அணைந்துவிட்டால் மறுபடி எழுப்ப நிமிடங்கள் ஆகும். இந்த இரண்டையும் மட்டும் ஒரு சிறு யு.பி.எஸ்.ஸில் இணைத்தால் போதும்.

எர்த் (நில இணைப்பு) விஷயத்தில் சிக்கனம் கூடாது. ஈரத் தரையில் நின்று மைக்கைத் தொட்டவருக்கு ஷாக் அடிப்பது எர்த் சரியில்லாததால்தான். மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வெளியிடத்தில் நடத்தினால்?

இந்த மாவட்டம் தென்மேற்குப் பருவத்திலும் நனையும், வடகிழக்கிலும் நனையும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஓரளவு நம்பலாம். மற்ற மாதங்களில் பந்தலும் கருவி மூடும் தார்ப்பாயும் செலவில் சேரும். மழை வந்து நிகழ்ச்சி நின்றால் வாடகையில் எவ்வளவு தர வேண்டும் என்பதை முதலிலேயே பேசுங்கள்.

மழையைவிட ஏமாற்றுவது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாயும் மாதங்களில், முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று உங்கள் எல்.இ.டி. வாலையும் தள்ளும். 121 சதுர அடிச் சுவர் பாய்மரம் மாதிரி. அங்கெல்லாம் ட்ரஸ் (கருவிகளைத் தாங்கும் சட்டம்), எடைக்கற்கள், இழுகம்பி ஆகியவற்றுக்குக் காசு கேட்டால் குறைக்காதீர்கள். வாலைச் சிறிதாக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கடற்கரை என்றால் உப்புக் காற்று மின்னணுக் கருவிக்கு ஆகாது. மழையும் தூசியும் புகாத வெளிப்புறப் பலகைதான் வேண்டும், அதன் வாடகை கூடுதல்.

அனுமதி வாங்க வேண்டுமா?

திறந்த இடத்தில் ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படிச் சொல்கின்றன. நடைமுறையில் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45.

கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. கேரளப் பக்கம் கோளாம்பி என்பார்களே, அதுதான். பெட்டி வடிவம்தான் வைக்க வேண்டும். இதையெல்லாம் செலவுக் கட்டுரையில் ஏன் சொல்கிறேன்? அனுமதி இல்லாமல் நிகழ்ச்சி பாதியில் நின்றாலும் வாடகை முழுதாகத்தான் கொடுக்க வேண்டும்.

இடைவேளையில் சினிமாப் பாட்டு போடலாமா?

சமயச் சடங்குகளுக்கும் கல்யாணத்துக்கும் அதையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. நிறுவன விழா, நுழைவுச்சீட்டு வைத்த நிகழ்ச்சி போன்றவற்றில் பதிவு செய்த பாட்டைப் போட உரிமம் வாங்க வேண்டியிருக்கும். அது தனிச் செலவு. நேரலையில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூப் ஒலியை முடக்கிவிடவும் கூடும். வில்லுப்பாட்டுக் குழுவையே இன்னும் பத்து நிமிடம் பாடச் சொல்லிவிடலாம்.

ஒரு நாள் வாடகை என்றால் எத்தனை மணி நேரம்?

இதில்தான் மனத்தாங்கல் அதிகம். சிலருக்கு ஒரு நாள் என்பது 8 மணி நேரம், சிலருக்கு 12. முந்தைய இரவே வந்து கட்டினால் அது அரை நாளா, கணக்கில் வராதா? கூடுதல் மணிக்கு எவ்வளவு? நிகழ்ச்சி முழுவதும் மிக்சர் பக்கத்தில் ஆபரேட்டர் (இயக்குபவர்) இருப்பாரா, கட்டிவிட்டு வேறு கல்யாணத்துக்குப் போய்விடுவாரா? பதிலை எழுதி வாங்குங்கள். ஆட்களுக்குச் சாப்பாடு உங்கள் பந்தியில் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

வரி எவ்வளவு?

இந்தச் சேவைக்கு ஜி.எஸ்.டி. (சரக்கு, சேவை வரி) 18 விழுக்காடு. 40,000 ரூபாய் என்று பேசியது 47,200 ஆகும். இடையில் உள்ள 7,200 ரூபாய்க்காகத்தான் “வரி உள்பட விலையா?” என்று முதலிலேயே கேட்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு சேவைக்காரர்கள் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு எண் இல்லாதவர் வரி என்று தனியாக வாங்கவும் முடியாது. கல்லூரி, அறக்கட்டளை, நிறுவனம் சார்பில் நடத்தினால், பணம் கொடுக்கும்போது வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டுமா என்று உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்.

மூன்று பேரிடம் விலை வாங்கினேன். எதை எடுப்பது?

மூவருக்கும் ஒரே தாளைக் கொடுத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: இடம், தேதி, ஆட்கள், கடைசி வரிசைத் தூரம், நிரல், மைக் எண்ணிக்கை, திரை அளவு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், மின்சாரம் யார் பொறுப்பு. அதன் பிறகும் ஒருவர் மிகக் குறைவாகச் சொன்னால், எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள். உபரி மைக், புது பேட்டரி, ஆபரேட்டர் ஆகிய மூன்றில் ஒன்று விடுபட்டிருக்கலாம். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். மைக் தொலைந்தால், பெட்டியில் தண்ணீர் கொட்டினால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும்.

பணம் குறைவாக இருந்தால் எதை வெட்டுவது?

முதலில் அலங்கார விளக்கு. அடுத்து எல்.இ.டி. வால். அதன் பின் நேரலை. ஒலியில் கை வைக்காதீர்கள். படம் மங்கினாலும் பேச்சு கேட்டால் ஆள் உட்கார்ந்திருப்பார். பேச்சு கேட்காவிட்டால் எவ்வளவு பெரிய திரை வைத்தாலும் பின்வரிசை எழுந்து சாயா குடிக்கப் போய்விடும். அவர்களைக் கூட்டி வரத்தானே இத்தனை செலவும்?

இனி அந்தப் போன் பேச்சைத் திரும்பப் பேசிப் பாருங்கள்.

“அண்ணாச்சி, ஆடி மாசம் ஒரு புதன்கிழமை, நாகர்கோவில்ல மண்டபத்துக்குள்ள. 300 பேரு. காலம்பற பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். பெட்டியில இருந்து கடைசி வரிசை 48 அடி. நாலு சின்னப் பெட்டி, ஏழு மைக், அதுல ரெண்டு கார்ட்லெஸ். வில்லுப்பாட்டு உண்டு, குட்டை ஸ்டாண்டு அஞ்சு வேணும். ப்ரொஜெக்டர் போதும். ஜெனரேட்டர் கரண்ட் போனா மட்டும். வரியும் சேத்து எழுதிக் குடுங்க.”

அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. பேனா தேடுகிறார்.

“சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.”